முப்பத்தேழாவது நிமிடம்

வானிலை தேடப்போய்க் கொலையில் விழுந்தேன்.
ஹான்காக்கில் அன்று பள்ளிகளுக்கு விடுமுறை.
நான் ஓட்டும் மஞ்சள் பேருந்து
ஜன்னல்வரை பனிக்குள்.
ரிமோட்டில் எதையோ அழுத்த
பாதிரியார் ஒருவர் இறந்து கிடந்தார்,
இஸ்திரி கலையாத அங்கியோடு,
காய்கறிக் கண்காட்சிப் பந்தலில்
முதல் பரிசு வாங்கிய பூசணிக்குப் பின்னால்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான்.
பூசணிக்காயில் ஒரு முழுப் பாதிரியாரை மறைக்க
இங்கிலாந்தில் முடிகிறது,
பரிசளிப்பு முடியும்வரை.

இருநூறு வீடுகூட இல்லாத ஊர்.
வாரத்துக்கு இரண்டு சாவு.
ஒருவரும் வீட்டை விற்றுவிட்டுப் போவதில்லை.
ஆய்வாளர் ஒரு பெண். அவள் மழைக்கோட்டில்
முதல் சீசனில் அறுந்த பொத்தானை
மூன்றாவதிலும் தைக்கவில்லை.
எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பிறகு ஆஸ்திரேலியா.
அங்கேயும் ஜனவரி, ஆனால் கோதுமைத் தாள் பொசுங்குகிறது,
கிறிஸ்துமஸ் தோரணத்தில் ஈ மொய்க்கிறது.
வற்றிய அணையில் ஒரு கார் தலைகாட்ட
உள்ளே இருபது வருடத்துச் சேறு,
சேற்றுக்குள் ஒரு செருப்பு.
காவலர் வாயைத் திறக்காமலே பேசுகிறார்,
ஈக்குப் பயந்துதான் இருக்கும்.
ஆங்கிலம் புரிய ஆங்கில எழுத்தையே
கீழே ஓடவிட்டேன்.
ஏரியிலிருந்து வந்த காற்று கதவை உதைத்தது.
நான் கம்பளிக் காலுறையைக் கழற்றி
ஹீட்டரைக் குறைத்தேன்.

பிப்ரவரியில்தான் கண்ணில் பட்டது:
நான் பார்க்காத ஒரு கதை
பார்த்ததாகக் கிடந்தது.
படத்துக்கு அடியில் சிவப்புக் கோடு
முக்கால் தூரம் ஓடி நின்றிருந்தது.
முப்பத்தேழாவது நிமிடம்.
அடுத்த வாரமும் ஒன்று. அதற்கடுத்தும்.

‘யார் பார்ப்பது?’
திறக்கும்போதெல்லாம் பெட்டி கேட்கிற கேள்வி.
முதல்முறையாக நானும் கேட்டேன்.

மளிகைச் சீட்டின் பின்புறம்
நாள், நிமிடம், கதை.
வியாழன் மட்டும்.
முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தேழு.
யார் கொன்றார்கள் என்று தெரியும் முன்பே
எழுந்து போகிற ஆள்.

உலகத்தில் அப்படி ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.
ரெய்னோ.
கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஹௌட்டனில்,
தூக்குப் பாலம் தாண்டி மூன்றாவது தெரு.
இருபத்தாறு வருடத்தில்
ஒரு சண்டைக்கும் முடிவுவரை இருந்ததில்லை.
‘முஸ்தி வெளியே போகணும்’ என்று
கழுத்துப்பட்டியை எடுத்துவிடுவான்.
நாயும் பொய் சொல்லாமல் வாலாட்டும்.
பிரிந்தபோது நாய் அவனோடு,
கடவுச்சொல் என்னோடு.
கடவுச்சொல்லும் நாயின் பெயர்தான்.
மாற்ற மறந்தேன் என்று வக்கீலிடம் சொல்லலாம்.
உங்களிடம் எதற்கு.

கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து
விரல் நீட்டுவதெல்லாம் அவர்கள் வழக்கம்.
நான் என் பெயர் இருந்த இடத்தில்
‘ஔனே’வை அழித்துவிட்டு அடித்தேன்:
மருந்துக்கடைக்காரிதான் கொன்றாள்.
அந்த வாரம் அவன் பாதியில் விட்ட கதை அது,
மணிக்கயிற்றில் பொருளாளர் தொங்கியது.
முடிவைக் கெடுப்பதில்
ஒரு மனைவிக்கு உண்டான சந்தோஷம்,
முன்னாள் மனைவிக்குக் கொஞ்சம் கூடுதல்.

வெள்ளிக்கிழமை காலை, பேருந்தைச் சூடாக்கும் முன்
பெட்டியைத் திறந்தேன்.
‘யார் பார்ப்பது?’
என் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்,
நாய் படம் போட்டு,
பெயருக்குப் பதில்:
தெரியும். 37லேயே.

பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள்.
ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்
பின்னால் வந்தேன்.
நான் எழுதிவைத்த தடயமெல்லாம் சரி.
ஆளும் சரி.
காரணம்தான் தப்பு.

அப்படியானால் நம் வீட்டுக் கதையிலும்
அவனுக்கு எந்த நிமிடத்தில் தெரிந்தது?
கழுத்துப்பட்டியை எடுத்த அத்தனை இரவிலும்
என்னவெல்லாம் கண்டுபிடித்துவிட்டு
குளிரில் நின்றான்?

இன்று வியாழன்.
அணை, கார், சேறு, செருப்பு:
இரண்டாம் பாகம்.
முப்பத்தேழில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
திரையில் காவலர் வாய் திறந்தபடி,
இந்நேரம் ஈ போயிருக்கும்.
எனக்கு இன்னும் யாரென்று தெரியவில்லை.
அண்ணனாக இருக்கலாம்.